கொல்லுப்பட்டறைக்குக் கம்ப்ரசர்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சம்மட்டி பிடிக்க ஆள் கிடைக்காத காலம் இது. ஆசாரி சுத்தியலால் தட்டிக் காட்டிய இடத்தில் இரண்டு பேர் மாறி மாறிச் சம்மட்டி போட்ட பட்டறைகளில், இன்று ஒருவரே குறடும் பிடித்து, அடியும் அடித்து, சாணையும் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி போன்ற ஊர்களிலும் சரி, மண்வெட்டி, கோடரி, கடப்பாரை அடிக்கும் சிறு பட்டறைகளிலும் சரி, அடுத்து என்ன வாங்கலாம் என்ற பேச்சு வந்தால், காற்றை நெருக்கி அழுத்தத்தோடு தரும் கம்ப்ரசரின் பெயர் அடிபடுகிறது. 2025இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் உண்டு என்பதால் வாங்கும் துணிவும் வந்திருக்கிறது.

வாங்க வேண்டாம் என்று சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அழுத்தக் காற்று கொல்லுப்பட்டறையில் சில வேலைகளுக்கு மிகப் பொருத்தமானது. வேறு சில வேலைகளுக்குக் காசைக் கரியாக்கும் வழி. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கடன் போட்டு வாங்கிய இயந்திரம், டயருக்குக் காற்றடிக்கவும் தரையை ஊதவும் மட்டும் பயன்பட்டு மூலையில் நிற்பதைப் பல ஊர்களில் பார்க்க முடிகிறது.

முதலில் ஓர் அடிப்படைக் கணக்கு. காற்றில் ஓடும் ஒரு கருவி 1 எச்.பி. (குதிரைத்திறன்) அளவுக்கு வேலை செய்ய வேண்டுமானால், கம்ப்ரசர் மோட்டார் 7 முதல் 8 எச்.பி. வரை மின்சாரம் இழுக்கும். மீதி எல்லாம் சூடாகப் போய்விடுகிறது. ஓடும் கம்ப்ரசரின் தலையைத் தொட்டால் கை பொத்துப்போவது அதனால்தான். காற்று சும்மா கிடைக்கிறது, அழுத்தம் சும்மா கிடைப்பதில்லை. 5 எச்.பி. கம்ப்ரசர் முழுதாக ஓடினால் மணிக்கு 4 யூனிட்டுக்கு மேல் ஆகும். அது தரும் காற்று நிமிடத்துக்குச் சுமார் 500 லிட்டர். விளம்பரத் தாளில் இதைவிடப் பெரிய எண் அச்சாகியிருக்கும். அது பிஸ்டன் இழுக்கும் அளவு. டேங்குக்குள் உண்மையில் வந்து சேருவது அதில் முக்கால் பங்கு அளவுக்கே இருக்கும். கடைக்காரரிடம் ‘ஃப்ரீ ஏர் டெலிவரி’ எவ்வளவு என்று கேட்டு, அதைக் கொட்டேஷனில் எழுதி வாங்க வேண்டும்.

இந்த 500 லிட்டரை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேலையாகப் பார்ப்போம்.

கம்ப்ரசர் வந்ததும் பலர் செய்யும் முதல் காரியம், உலைக்கு அதிலிருந்து ஒரு குழாய் இழுப்பது. துருத்திக்கு ஓய்வு கிடைத்தது என்ற மகிழ்ச்சி இரண்டு மாதத்தில் கரண்ட் பில்லோடு போய்விடும். 1 கிலோ கரி எரிய ஏழரை கன மீட்டர் அளவுக்குக் காற்று வேண்டும். மணிக்கு 4 கிலோ சீமைக்கருவேலக் கரி எரியும் உலைக்கே நிமிடத்துக்கு 500 லிட்டர் ஆயிற்று. கம்ப்ரசரின் மொத்தக் காற்றும் அங்கேயே தீர்ந்தது. அதைவிடப் பெரிய வீண், அழுத்தத்தில் இருக்கிறது. கரியின் நடுவே காற்று புகுவதற்கு 10 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தமே தாராளம். கம்ப்ரசரோ சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோ அழுத்தத்துக்கு, அதாவது 80 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்கு, காற்றை நெருக்கிவிட்டு வால்வில் மறுபடி அதைத் தளர்த்துகிறது. கால் எச்.பி.க்கும் குறைந்த மோட்டார் கொண்ட ஒரு பிளோயர் இதே வேலையைச் செய்யும். கூடவே இன்னொரு தொல்லையும் உண்டு: மெல்லிய துவாரம் வழியே வேகமாகப் பாயும் காற்று தீயில் ஒரே இடத்தைக் குத்தும். அந்த இடத்தில் மட்டும் இரும்பு வெண்சூடாகி, பொறி பறந்து, எஃகு கருகிப்போகும். கருகிய எஃகை எந்தத் தோய்ச்சலும் (சூட்டோடு நனைத்துக் கெட்டிப்படுத்துவது) மீட்காது. உலைக்கு பிளோயர்தான், இதில் இரண்டாம் பேச்சுக்கு இடமே இல்லை.

அடுத்தது கிரைண்டர். காற்றில் ஓடும் ஆங்கிள் கிரைண்டரைக் கையை எடுக்காமல் ஓட்டினால் நிமிடத்துக்கு 400 லிட்டருக்கு மேல் குடிக்கும். பெட்டியில் 110 லிட்டர் என்று போட்டிருந்தால், அது நிமிடத்தில் கால் பங்கு நேரம் மட்டும் ஓட்டினால் ஆகும் சராசரி. அரிவாள் வாயைத் தேய்ப்பவர் அப்படியா ஓட்டுகிறார்? கடைகளில் கிடைக்கும் 850 வாட் மின்சார கிரைண்டர் இதே வேலையை ஐந்தில் ஒரு பங்கு மின்சாரத்தில் முடிக்கும். காற்றுக் கருவிக்கு ஆதரவாகவும் நியாயமாக இரண்டு காரணம் சொல்லலாம்: எவ்வளவு அழுத்திப் பிடித்து நிறுத்தினாலும் அது எரிந்துபோகாது, தண்ணீர் சொட்டவிட்டுத் தேய்க்கும் இடத்தில் ஷாக் அடிக்கும் பயம் இல்லை. ஆகவே காம்புத் துளையின் உள்பக்கம் தேய்ப்பது, அச்சுக் கட்டைகளின் குழிவைச் சரிசெய்வது போன்ற சிறு நேர வேலைகளுக்கு, நுனியில் சிறு கல்லைச் சுழற்றும் டை கிரைண்டர் ஒன்று வைத்துக்கொள்வது சரி. பட்டையை உரசி வடிவம் எடுக்கும் முழுநேர வேலைக்கு மின்சார கிரைண்டரே போதும்.

டை கிரைண்டரில் ஓர் உயிர் ஆபத்து இருக்கிறது. அது நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுழலும். 4 அங்குல வெட்டுச் சக்கரம் விநாடிக்கு 80 மீட்டர் விளிம்பு வேகத்துக்குச் செய்யப்பட்டது. சுற்றுக் கணக்கில் அது சுமார் 15,200. கம்பி வெட்ட அவசரம் என்று அந்தச் சக்கரத்தை டை கிரைண்டரில் மாட்டினால், சக்கரத்தைப் பிய்த்து எறியும் விசை தாங்க வேண்டியதைப் போல 1.7 மடங்கு ஆகிறது. வெடிக்கும் துண்டு முகத்தின் உயரத்தில்தான் பறக்கும். சக்கரத்தின் மீது அச்சடித்திருக்கும் சுற்று எண் கருவியின் எண்ணைவிடக் கூடுதலாக இருந்தால் மட்டுமே மாட்டலாம். 6 கிலோவுக்கு மேல் அழுத்தம் கொடுத்தால் கருவி தன் எண்ணையும் தாண்டிச் சுழலும் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

இனி சுத்தியல். கம்ப்ரசர் வாங்குவோர் பெரும்பாலும் இதற்காகத்தான் வாங்குகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம். இயந்திரச் சுத்தியலில் மூன்று வகை நடைமுறையில் உண்டு. பட்டை வில்லில் தலை தொங்கி, மோட்டார் பெல்ட்டால் நேராக அடிப்பது ஒன்று. தன் உடம்புக்குள்ளேயே காற்று நெருக்கும் சிலிண்டரையும் வைத்துக்கொண்டு அடிப்பது இன்னொன்று. இதற்குத் தனிக் கம்ப்ரசர் தேவையில்லை. மூன்றாவது, பட்டறைக் கம்ப்ரசரிலிருந்து ஹோஸ் வழியாகக் காற்று வாங்கி ஒரு சிலிண்டர் அடிப்பது. நாள் முழுக்க சுத்தியல் ஓட வேண்டிய பட்டறைக்கு முதல் இரண்டும்தான் சிக்கனம். நாளைக்கு இரண்டு மூன்று மணி நேர அடிவேலையும், மற்ற நேரம் வேறு காற்று வேலைகளும் உள்ள பட்டறைக்கு மூன்றாவது பொருந்தும். விலை குறைவு, உள்ளூர் லேத்தில் செய்துகொள்ளலாம், அடியின் கனத்தைக் காலாலேயே கூட்டிக் குறைக்கலாம்.

அதன் காற்றுச் செலவைக் கணக்கிடுவது கடினமல்ல. சிலிண்டர் உள்விட்டம் 63 மில்லிமீட்டர், தலை ஏறி இறங்கும் தூரம் 150 மில்லிமீட்டர், அழுத்தம் 6 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை ஏறி இறங்க 0.9 லிட்டர் நெருக்கிய காற்று, அதாவது சாதாரணக் காற்றாக 6.3 லிட்டர். நிமிடத்துக்கு 120 அடி என்றால் 756 லிட்டர். 500 லிட்டர் தரும் கம்ப்ரசருக்கு இது கட்டாதே என்று தோன்றும். ஆனால் கொல்லன் வேலை விட்டுவிட்டு நடப்பது. ஒரு சூட்டுக்கு 30 விநாடி அடி. பிறகு ஒன்றரை நிமிடம் இரும்பு தீயில் கிடக்கும். அந்த 30 விநாடியில் சுத்தியல் 378 லிட்டர் கேட்கிறது, கம்ப்ரசர் 250 தருகிறது, மீதி 128 லிட்டரை டேங்க் கொடுக்க வேண்டும். 220 லிட்டர் டேங்க் என்றால் அழுத்தம் 0.6 கிலோ மட்டும் இறங்கும். இரும்பு காய்வதற்குள் மறுபடி ஏறிவிடும். இதே சுத்தியலை 200 லிட்டர் காற்று தரும் 2 எச்.பி. கம்ப்ரசரில், 45 லிட்டர் டேங்கில் மாட்டிப் பாருங்கள்: டேங்கில் 9 கிலோ இருந்தாலும் 15 விநாடிக்குள் 6 கிலோவுக்குக் கீழே போய், தலை பாதி உயரத்தில் தடுமாறி நிற்கும். சுத்தியல் மோசம் என்று விற்றவரைத் திட்டுவார்கள். தவறு சுத்தியலில் இல்லை.

சுத்தியல் அருகிலேயே 30 முதல் 50 லிட்டர் கொள்ளும் ஒரு துணை டேங்க் வைத்து, அங்கிருந்து முக்கால் அங்குலக் குழாயில் வால்வுக்குக் கொண்டுவருவது நல்லது. ஒவ்வொரு அடிக்கும் காற்று வெடுக்கென்று பாய வேண்டும். பத்து மீட்டர் நீள மெல்லிய ஹோஸ் அதற்கு விடாது. அடியைத் தாங்கும் அடைகல்லின் எடை, அடிக்கும் தலையின் எடையைப் போல் பத்து மடங்குக்குக் குறையக் கூடாது. 25 கிலோ தலைக்கு 250 கிலோ. இதில் மிச்சம் பிடித்தால் அடியின் பாதி தரைக்குள் போகும், பக்கத்து வீட்டுச் சுவரும் அதிரும். கல்லுக்குக் கீழே தனியாகக் கான்கிரீட் குழி போட்டு, இடையே கெட்டியான மரக்கட்டையோ ரப்பர் பாளமோ வைத்து, பட்டறைத் தளத்தோடு ஒட்டாமல் விட வேண்டும்.

இந்தச் சுத்தியலில் அடிக்கடி உடைவது பிஸ்டன் தண்டு, அதுவும் தலையோடு சேரும் திருகு மறையில். இரும்பை, தலையிலும் கல்லிலும் மாட்டிய அச்சின் ஓரத்தில் வைத்து அடிக்கும்போது தலை இம்மியளவு சாயும். தண்டை இறுக்கி முறுக்கியிருந்தால் அந்தச் சாய்வு முழுதும் மறையின் முதல் புரியில் விழும். சில வாரங்களில் அங்கே விரிசல். தண்டுக்கும் தலைக்கும் இடையில் கெட்டி ரப்பர் வாஷர்கள் வைத்துச் சற்று ஆட விடுவதும், தலை ஓடும் காடிகளில் தேய்மானம் கண்டதும் பட்டியை இழுத்து வைப்பதும்தான் மருந்து. சிலிண்டருக்குள் பிஸ்டனைப் பிடிக்கும் நட்டும் அதிர்ச்சியில் கழலும். பிரித்த ஒவ்வொரு முறையும் அதற்குப் பூட்டுப் பசை போடாமல் மூடக் கூடாது. அடி மெதுவாகிவிட்டது என்றால் முதலில் வெளியேறும் காற்றின் சைலன்ஸரைக் கழற்றிப் பாருங்கள். எண்ணெயும் கரித்தூளும் சேர்ந்து அதன் நுண்துளைகளை அடைத்திருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, நன்றாக உலர்ந்த பின் மாட்டினால் போன வேகம் திரும்பும். அதை மாட்டாமல் ஓட்டுவது காதைக் கெடுக்கும்.

அச்சு மாற்றும்போது மெயின் வால்வை மூடினால் போதும் என்று நினைப்பது கையை இழக்கும் வழி. மூடிய பிறகும் துணை டேங்கிலும் ஹோஸிலும் சிலிண்டரிலும் காற்று சிக்கியிருக்கும். கால் பெடலில் தெரியாமல் மிதித்தாலே தலை இறங்கும். வால்வை மூடி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, கேஜ் பூச்சியத்தைக் காட்டிய பின், தலைக்கும் கல்லுக்கும் நடுவே தடித்த இரும்புக் குழாய்த் துண்டை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அச்சை இறுக்கியிருக்கும் ஆப்பைத் தட்ட வேண்டும். இந்த முட்டுக் குழாயைச் சங்கிலியில் கோர்த்துச் சுத்தியலிலேயே தொங்கவிடுவது நல்ல பழக்கம். தேட வேண்டியிருந்தால் யாரும் தேட மாட்டார்கள்.

சுத்தியலைவிடக் குறைவாகப் பேசப்படும், ஆனால் ஒற்றை ஆள் பட்டறைக்கு அதைவிடப் பயன்படும் ஒன்று, காலால் இயங்கும் பிடி. 80 மில்லிமீட்டர் சிலிண்டர் 6 கிலோ அழுத்தத்தில் 300 கிலோ விசையோடு பிடிக்கும். மிதித்தால் இறுகும், மறுபடி மிதித்தால் விடும். சூடான பட்டையை வைத்து முறுக்கவும் வளைக்கவும், இரண்டு கையும் ஓய்வாகக் கிடைக்கும். ஒரு பிடிக்கு இரண்டு மூன்று லிட்டர் காற்றுதான் செலவு. பழைய ஹெல்ப்பரின் வேலையில் பாதியை இதுவே செய்துவிடும். கைப்பிடி ரிவெட் அடிக்கும் சின்னக் காற்றுச் சுத்தியும், வெல்டிங் கசடும், சூட்டில் இரும்பின் மேல் படியும் கெட்டிச் செதிலும் நீக்கும் ஊசிச் சுத்தியும் இதே போலக் குறைந்த நேரம் ஓடி நிறைய வேலை செய்பவை. அழுத்தக் காற்றின் உண்மையான இடம் இதுதான்: விட்டுவிட்டு நடக்கும், வெடுக்கென்ற விசை தேவைப்படும் வேலை.

கருவிகள் கெடுவதற்குக் காரணம் கேட்டால் பத்தில் எட்டு முறை விடை தண்ணீர். நம் ஊர்க் காற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைக் கணக்குப் போட்டால்தான் நம்பிக்கை வரும். 32 டிகிரி வெப்பம், 75 விழுக்காடு ஈரப்பதம் உள்ள நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் 25 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. 5 எச்.பி. கம்ப்ரசர் மணிக்கு 30 கன மீட்டர் காற்றை இழுக்கிறது, அதாவது முக்கால் லிட்டர் தண்ணீர். 8 கிலோவுக்கு நெருக்கி மறுபடி ஆறவிட்டால் அதில் 130 கிராம் அளவே ஆவியாக நிற்க முடியும். மீதி அரை லிட்டருக்கும் மேல், ஒவ்வொரு மணிக்கும், டேங்கிலும் குழாயிலும் தண்ணீராக இறங்குகிறது. அது கிரைண்டருக்குள் போனால் சுழலும் தகடுகள் துருவில் ஒட்டிக்கொள்ளும். சுத்தியல் வால்வுக்குள் போனால் எண்ணெயோடு சேர்ந்து தயிர் போலத் திரளும்.

இதற்கு விலை உயர்ந்த டிரையர் வேண்டியதில்லை, குழாயை ஒழுங்காகப் போட்டாலே பெரும்பகுதி தீரும். கம்ப்ரசர் வாயிலேயே ஃபில்டரை மாட்டுவதுதான் பலர் செய்யும் பிழை. அங்கே காற்று இன்னும் சூடாக இருக்கும். தண்ணீர் ஆவியாகவே ஃபில்டரைக் கடந்து, பின்னால் போய் ஆறி இறங்கும். எட்டு பத்து மீட்டர் இரும்புக் குழாயில் ஓடி ஆறிய பிறகு, கருவிக்குப் பக்கத்தில் ஃபில்டர் இருக்க வேண்டும். மெயின் குழாய் மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் வீதம் ஓட்டத்தின் திசையிலேயே தாழ வேண்டும். கிளைகளைக் குழாயின் மேல்பக்கத்திலிருந்து எடுத்து, வளைத்துக் கீழே இறக்க வேண்டும். அடிப்பக்கத்திலிருந்து எடுத்தால் ஓடிவரும் தண்ணீரெல்லாம் நேரே கருவிக்குள் விழும். மெயின் முடியும் இடத்தில் ஒரு முழ நீளம் கீழே தொங்கவிட்டு, அதன் நுனியில் பால் வால்வு. தினமும் அதைத் திறந்துவிட ஒரு நிமிடம் ஆகாது.

வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் போடும் பி.வி.சி. பைப்பை மட்டும் காற்றுக்குப் போட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறோம். தண்ணீரை நெருக்கிச் சுருக்க முடியாது; குழாய் விரிசல் விட்டால் பீய்ச்சிவிட்டு நின்றுவிடும். காற்று நெருக்கிச் சுருக்கப்பட்டுக் கிடப்பது. விரிசல் விட்ட கணத்தில் குழாய் முழுதையும் கத்தித் துண்டுகளாக எறியும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்புத் துறை 1988லேயே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. உலைச் சூட்டில் இளகி, எண்ணெயில் நொய்ந்து, பறக்கும் இரும்பில் அடிபடும் கொல்லுப்பட்டறையில் அது எத்தனை நாள் தாங்கும்? மிச்சமாகும் சில ஆயிரம் ரூபாய்க்கு இந்தப் பணயம் வேண்டாம். ஜி.ஐ. பைப் போடுங்கள்.

ஹோஸிலும் கவனம் தேவை. சுருள் சுருளாக வரும் பாலியூரிதேன் ஹோஸ் மரப்பட்டறைக்குச் சரி. அடைகல்லைச் சுற்றிச் செதில் பறக்கும் இடத்தில் ஒரு பொறி போதும் அதில் துளை விழ. நூல் பின்னல் உள்ள ரப்பர் ஹோஸ், உள்விட்டம் 10 மில்லிமீட்டருக்குக் குறையாமல், தரையில் கிடக்காமல் மேலிருந்து தொங்கும்படி போட வேண்டும். கருவிக்குப் பலம் போதவில்லை என்றால், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைத் திருகி ஏற்றுவதற்கு முன், கருவியின் வாயில் ஒரு கேஜ் வைத்து ஓடவிட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 6 காட்டிய முள் விசையை அழுத்தியதும் 4க்கு இறங்கினால், குறை கம்ப்ரசரில் இல்லை. மெல்லிய ஹோஸிலோ அடைபட்ட ஃபில்டரிலோ, ஹோஸை இணைக்கும் சின்ன கப்ளரிலோ இருக்கிறது. அழுத்தத்தை 1 கிலோ குறைத்து ஓட்டினால் 6 முதல் 10 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்பதால், ஏற்றுவது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும்.

கசிவு கண்ணுக்குத் தெரியாத கடன்காரன். 7 கிலோ அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று 5 எச்.பி. கம்ப்ரசரின் மொத்தக் காற்றையும் விழுங்கிவிடும். வேலை முடிந்த பின் எல்லாக் கருவிகளையும் நிறுத்தி, குழாயில் காற்றை விட்டு வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். கம்ப்ரசர் தானாக 2 நிமிடம் ஓடி 8 நிமிடம் நிற்கிறது என்றால் பத்தில் இரண்டு, அதாவது 20 விழுக்காடு, கசிகிறது. சோப்பு நுரை தடவினால் இடம் தெரியும். பெரும்பாலும் கப்ளர்களும் மறைகளும்தான்.

கம்ப்ரசரை உலை இருக்கும் அறைக்குள் வைக்கக் கூடாது. கரித்தூள் ஏர் ஃபில்டரை வாரத்தில் அடைக்கும். உள்ளே போகும் காற்று 4 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால் மின்சாரம் 1 விழுக்காடு கூடும் என்பது கணக்கு. வெளிச்சுவர் ஓரம், நிழலில், மழை படாமல், பெல்ட்டுக்கு வலை போட்டு வைக்க வேண்டும். எஞ்சின் ஆயில் ஊற்றும் பழக்கமும் கூடாது. அதில் உள்ள கழுவுப் பொருட்கள் சூட்டில் கரியாகி வால்வுத் தகட்டில் படியும், வால்வு மூடாது, காற்று திரும்பி வந்து தலை இன்னும் சூடாகும். கம்ப்ரசர் ஆயில் என்றே கேட்டு வாங்குங்கள். வாங்கிய அன்றே காலி டேங்க் 8 கிலோ ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துச் சுவரில் எழுதி வையுங்கள். 220 லிட்டர் டேங்குக்கு மூன்றரை நிமிடம் பிடிக்கும். ஓராண்டு கழித்து அது ஐந்து நிமிடமானால் வால்வோ ரிங்கோ தேய்ந்துவிட்டது. நின்ற பிறகும் பிரஷர் ஸ்விட்ச் அடியில் உஸ்ஸென்று காற்று போய்க்கொண்டே இருந்தால், டேங்க் காற்று திரும்பாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு பிடிக்கவில்லை. அதற்கு நேர்மாறாக, நின்றதும் வர வேண்டிய அந்தச் சிறு உஸ் சத்தமே வராவிட்டால், தலையில் அழுத்தம் சிக்கியிருக்கிறது. அடுத்த முறை மோட்டார் அந்த அழுத்தத்தை எதிர்த்துக் கிளம்ப முடியாமல் முனகும். மின்னழுத்தம் குறைந்த கிராமத்து சிங்கிள் ஃபேஸ் இணைப்பில் மோட்டார் காயில் கருகுவது இப்படித்தான்.

டேங்க் வெளியிலிருந்து துருப்பிடிப்பதில்லை, உள்ளே அடிவயிற்றில் பிடிக்கிறது. பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே தகடு காகிதமாகியிருக்கலாம். தினமும் மாலை அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடிப்பதற்கு மாற்று எதுவும் இல்லை. ஊசித் துளை கண்டால் வெல்டிங் வைக்காதீர்கள்; துளை விழுந்த இடத்தைச் சுற்றி முழுதும் மெலிந்துதான் இருக்கும். டேங்க்கை மாற்றிவிட வேண்டும். பழைய கேஸ் சிலிண்டரை டேங்க்காக மாற்றுவதும் அதே அளவு ஆபத்து. சேஃப்டி வால்வு ஒழுகுகிறது என்று அடைப்பு முறுக்குவது வெடிகுண்டுக்குத் திரி வைப்பது. சோதனை செய்தால் தண்ணீர் நிரப்பித்தான் செய்ய வேண்டும், காற்றால் அல்ல. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 31ஆம் பிரிவில் அழுத்தக் கலன்களுக்குப் பாதுகாப்பு வகுத்தது. ஆனால் மின்சாரம் கொண்டு 10 பேராவது வேலை செய்யும் இடங்களை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. இரண்டு பேர் பட்டறையின் டேங்க்கை வந்து பார்க்க யாரும் இல்லை. பட்டறைக்காரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கருவிகளுக்குக் காலையில் நான்கைந்து சொட்டு ஏர் டூல் ஆயில் விட்டால் போதும். இறுகிப்போன கருவியை மண்ணெண்ணெய் ஊற்றி உலை அருகே ஓடவிட்டுச் சுத்தம் செய்ய வேண்டாம்; வெளியேறும் காற்றில் மண்ணெண்ணெய் பனி போல வரும், தீ கண்டால் பற்றும்.

காற்றை ஊதும் ஏர் கன் விளையாட்டுப் பொருள் அல்ல. அடைகல்லிலிருந்து செதிலை ஊதினால் அது கண்ணுக்குத்தான் வரும், பிரஷ் போதும். சூடான எஃகின் மீதும் ஊதக் கூடாது. லாரி வில்பட்டையில் அடித்த அரிவாளின் மெல்லிய வாய் வேகக் காற்றிலேயே அங்கங்கே கெட்டிப்பட்டு, வளைந்து, தோய்ச்சலின்போது வெடிக்கும். எண்ணெய்த் தொட்டிப் பக்கம் ஏர் கன்னே வேண்டாம். ஊதியே ஆக வேண்டிய இடத்தில் அழுத்தம் 2 கிலோவைத் தாண்டக் கூடாது, கண்ணாடி போட்டிருக்க வேண்டும். வேலை முடிந்து உடம்பின் தூசியை ஊதித் தட்டும் பழக்கம் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது. தோலில் ஒரு சிறு வெட்டு இருந்தால் காற்று அதன் வழியே உள்ளே புகுந்து, இரத்த ஓட்டத்தில் குமிழியாகி உயிரையே எடுக்கக்கூடும். வேடிக்கைக்கு ஒருவர் உடம்பில் ஊதுவதைப் பார்த்தால் அந்த இடத்திலேயே தடுக்க வேண்டும். கம்ப்ரசர் பழுதான நாளில் கேஸ் கட்டிங் செட்டின் ஆக்சிஜனை ஏர் டூலுக்கு மாட்டுவோரும் உண்டு. எண்ணெய் பட்ட கருவிக்குள் அழுத்த ஆக்சிஜன் போனால் அது பற்றி வெடிக்கும்.

மணல் வீசித் துரு எடுக்கும் ஆசையும் கூடாது. 5 மில்லிமீட்டர் நாசில் கேட்கும் காற்றை 5 எச்.பி. தராது என்பது சிறிய காரணம். ஆற்றுமணலின் சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் தரும், அதற்குக் குணமாக்கும் மருந்து இல்லை என்பது பெரிய காரணம். பிரிட்டன் வார்ப்பட வேலையில் மணல் வீசுவதை 1949ஆம் ஆண்டு விதிகளிலேயே தடைசெய்தது.

காதைப் பற்றி ஒரே வார்த்தை. 90 டெசிபெல் சத்தத்தில் 8 மணி நேரம், ஒவ்வொரு 5 டெசிபெல் கூடும்போதும் அதில் பாதி நேரம் என்பது நம் நாட்டு விதி. 100 டெசிபெல் போடும் கருவியோடு 2 மணி நேரம்தான். காது மூடி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஊசிச் சுத்தியைத் தொடர்ந்து பிடிப்பவருக்கு விரல் நுனி வெளுத்து மரத்துப்போனால், அது குளிரால் அல்ல, அதிர்வால். அன்றே அந்த வேலையை ஆள் மாற்றிச் செய்ய வேண்டும்.

கடன் தரும் வங்கிகளுக்கும் மாவட்டத் தொழில் மையங்களுக்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. இப்போது கம்ப்ரசர், கருவி என்று இரண்டு வரியோடு வரும் கொட்டேஷனை ஏற்றுக்கொள்கிறார்கள். ஜி.ஐ. குழாய், வடிகால் வால்வுகள், ஃபில்டர், ரெகுலேட்டர், காற்றில் எண்ணெய் கலக்கும் லூப்ரிகேட்டர், ரப்பர் ஹோஸ், டேங்க் சோதனைச் சான்று, காது மூடி, கண்ணாடி ஆகியவையும் அதே கொட்டேஷனில் இருந்தால் மட்டும் கடன் அனுமதிக்கட்டும். அந்தத் தொகைக்கும் மானியக் கணக்கில் இடம் கொடுக்கட்டும். உலைக்கு பிளோயர் இல்லாத பட்டறை என்றால், கம்ப்ரசருக்கு முன் அதை வாங்கச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
கொல்லுப்பட்டறைத் தொழிலாளர்கள், கம்ப்ரசர் மெக்கானிக்குகள் சிலர்,
சிவகங்கை மாவட்டம்.